எந்த அவள்

மழை தொடங்கியதிலிருந்து சலவைக்கடையில் எதுவும் காயவில்லை. பின்கூடத்தில் சுவருக்குச் சுவர் கட்டிய கயிறுகளில் லாட்ஜ் விரிப்புகள் தொங்கின. காற்றே ஈரமாக இருக்கும்போது துணி தன் ஈரத்தை எங்கே கொண்டுபோய் வைக்கும்? முதல் நாள் போட்டது மறுநாளும் கைக்குச் சில்லென்றுதான் இருந்தது. டிரையர் ஒன்று உண்டு. பழையது. துண்டுகளை மட்டும் தாங்கும். விரிப்பைப் போட்டால் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும்.

“நமக்கெல்லாம் முதலாளி சூரியன்தான்,” என்றார் அப்பா, டிரையருக்குள் கையை விட்டுத் துண்டுகளை இழுத்தபடி. “அவர் சொல்லாமக் கொள்ளாம லீவு போட்டுட்டார். யார்கிட்டப் போய்க் கேக்கறது?”

“இந்த வீட்ல ஏற்கெனவே ஒரு மௌனச்சாமி இருக்கு,” என்றாள் இஸ்திரி அக்கா. “இப்ப சூரியனும் சேந்துக்கிச்சு. வாயத் தொறந்தா முத்து கொட்டிடும்னு பயம் ரெண்டுக்கும்.”

அவள் பெட்டியை அழுத்தியதும் ஈர விரிப்பிலிருந்து ஆவி எழுந்து முகத்தை மறைத்தது. பாதி ஈரத்தோடு வருவதை இஸ்திரிச் சூட்டிலேயே காயவைக்க வேண்டியிருந்தது. வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேலை. அவளுக்குத் தோள் வலித்தால் வாய் கூடும். எல்லோருக்கும் அது தெரியும்.

மௌனச்சாமி என்றது மகளை. பள்ளி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. மடிப்பு மேசைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அம்மா. விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். முனைகளைப் பிடித்து விறைப்பாக இழுத்து, ஓர் உதறு உதறி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து, முனைகளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழ்மடிப்பை எடுக்க வேண்டும். உயரம் எட்டிய நாளிலிருந்து அவர்கள் இதைச் செய்கிறார்கள். பேச்சே தேவையில்லை. எப்போது உதறுவது, எப்போது நடப்பது என்பதைத் துணியே சொல்லிவிடும்.

அதனால்தான் அம்மாவுக்கு முதலில் தெரிந்தது. இரண்டு நாளாக மகளின் கையில் இழுப்பு இல்லை. மறுமுனையில் ஒரு ஆணியில் மாட்டியிருப்பதுபோல விரிப்பு சும்மா தொங்கியது. இன்று காலையிலிருந்து முனை நழுவி நழுவி விழுந்தது. தரையில் விழுந்த விரிப்பு மறுபடியும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும்.

“போச்சு, இதுவும் தீர்த்தமாடப் போகுது,” என்றாள் இஸ்திரி அக்கா. “ஏன்டி பொண்ணே, கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா? அந்தப் புஸ்தகத்துக்குள்ளயே குடியிருந்தா இப்படித்தான். நேத்து கூப்பிடறேன் கூப்பிடறேன், சுவரப் பாத்துக்கிட்டு நிக்கிறா.”

“விடுங்க அக்கா,” என்றாள் அம்மா.

“நான் விட்டுட்டேன். அவதான் விரிப்ப விடறா.”

அப்பா சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. விழுந்ததைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனாள். நேற்று மதியம் தட்டில் வைத்த முட்டை அப்படியே இருந்ததை அம்மா அப்போது நினைத்துக்கொண்டாள். ராத்திரி சூப்பையும் அவள் தொடவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் இஸ்திரி அக்கா தன் டப்பாவை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனாள். அப்பா லாட்ஜுக்குத் துண்டுகள் கொண்டுபோனார். அம்மா போகவில்லை. கயிற்றிலிருந்து இன்னொரு விரிப்பை உருவி ஒரு பக்கத்தை மகளிடம் நீட்டினாள்.

“பிடி.”

பிடித்தாள்.

“யாராவது எதாச்சும் சொன்னாங்களா?”

தலையாட்டல். இல்லை.

“உடம்புக்கா?”

இல்லை.

“பையன் விஷயமா? என்கிட்ட சொல்லலாம். நான் அப்பாகிட்ட உடனே சொல்ல மாட்டேன். மெதுவாத்தான் சொல்வேன்.”

அதற்கும் இல்லை. உதறினார்கள். நடந்து வந்தார்கள். முனைகளைக் கொடுக்கும்போது மகளின் விரல்கள் ஈரத் துணியைவிடக் குளிர்ந்திருந்தன. அம்மா அந்த விரல்களை விடவில்லை.

“என் ஃபிரெண்டு செத்துப்போயிட்டா மா.”

மழைச் சத்தத்தில் அது அம்மாவுக்கு முதலில் சரியாகக் கேட்கவில்லை. கேட்டபோது, “எந்த ஃபிரெண்டு? உனக்கு ஏது…” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். “ஸ்கூல்ல கூடப் படிச்சவளா?”

“இல்ல. போன்ல.”

“போன்லன்னா?”

“எழுதிப்போம். தினம்.”

“பாத்திருக்கியா அவள?”

“இல்ல.”

“பேசியாவது இருக்கியா?”

“இல்ல. அவளுக்கும் பேச வராது. எனக்கும் வராது. அதான் எழுதிப்போம்.”

“பேரு என்ன?”

மகள் தயங்கினாள். “அரைத்தூக்கம்.”

அம்மாவின் உதடு ஒரு நொடி சிரிக்கப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள்.

“அது பேராடி?”

“நாங்க வெச்சுக்கிட்டது. அவ எப்பவும் பாதித் தூக்கத்துலயே எழுதுவா. நான் பூனைக்கால்.”

பூனைக்கால். தான் பெற்ற பெண்ணுக்கு இப்படி ஒரு பேர் இருப்பது அம்மாவுக்கு அன்றுதான் தெரியும். பொருத்தமான பேர்தான். இவள் வீட்டுக்குள் வருவதும் போவதும் யாருக்கும் கேட்பதில்லை.

‘பனிக்காவல்’ என்ற கதையின் புத்தகங்கள் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும், அட்டை அளவில். நூலகத்தில் எடுத்துப் படித்துவிட்டுப் பிறகு ஒவ்வொன்றாகப் பழைய புத்தகக் கடையில் தேடி வாங்கியவை. மூடுபனி இறங்கும் மலையூரில் ஒரு பெண் காவல் காக்கிறாள். ஊரார் அவளிடம் பேசுவதில்லை. அவளும் பேசுவதில்லை. பனிக்குள் வழி தவறியவர்களைத் தேடிப் போய்க் கூட்டி வருகிறாள். மகள் அதைத் துணி அறையில் அடுக்கின் பின்னால் உட்கார்ந்துதான் படிப்பாள். இஸ்திரி போட்ட விரிப்புகளின் சூடு முதுகுக்கு இதமாக இருக்கும்.

அந்தக் கதையைப் படித்தவர்கள் போனில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து தினமும் எழுதிக்கொண்டார்கள். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள், அவள் இனி என்ன செய்வாள் என்று வாதாடுவார்கள். கதாநாயகியின் பேரை யாரும் எழுதுவதில்லை. ‘அவள்’ என்றால் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். வீட்டில் வாயே திறக்காத மகள் அங்கே பக்கம் பக்கமாக எழுதினாள். சண்டை போட்டாள். ஜோக் அடித்தாள். அவள் ஜோக்குக்கு முதலில் சிரிப்பவள் அரைத்தூக்கம். கூட்டத்தைவிட்டுத் தனியாக இவர்கள் இருவரும் எழுதிக்கொள்ள ஆரம்பித்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது.

“எப்படிச் செத்தா?” என்று கேட்டாள் அம்மா.

“காய்ச்சல்னா. ஆஸ்பத்திரில படுத்துக்கிட்டுதான் கடைசி பாகம் படிக்கிறேன், மெதுவாத்தான் படிப்பேன், முடிவச் சொல்லிடாதேன்னா. சும்மா காய்ச்சல்னுதான் நெனச்சேன். ரத்தத்துல என்னமோ கொறஞ்சுபோச்சாம்.”

“பாவம்டி. என்ன வயசு?”

“என்னவிட ஒரு வயசு பெரியவ.”

அம்மா மடித்த விரிப்பை மேசையில் வைத்துத் தட்டினாள். அழுகை வந்தால் அழட்டும் என்று இருந்தாள். ஆனால் மகள் அழவில்லை. அதுதான் சரியாகப் படவில்லை.

“இன்னும் என்ன?”

“ஒண்ணுமில்ல.”

“நான் உன்னப் பெத்தவ. என்னன்னு சொல்லு.”

மகள் போனை எடுத்துத் திறந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கயிற்றில் தொங்கிய விரிப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

அம்மாவுக்குப் போனில் படிப்பது மெதுவாகத்தான் வரும். உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்.

மேலே மகள் எழுதியவை.

‘அரைத்தூக்கம், முழுத்தூக்கமா? முடிச்சியா இல்லியா?’

‘எந்த அத்தியாயத்துல இருக்க?’

‘அவ என்ன ஆனா? தெரிஞ்சுதா? சொல்லு சொல்லு சொல்லு.’

அதற்குக் கீழே பதில்:

‘அவள் போய்விட்டாள். இன்று விடியற்காலை.’

அதன் கீழே மறுபடி மகள்:

‘ஐயோ முடிச்சிட்டியா! அழாதே. உடம்பக் காட்டினாங்களா? காட்டலல்ல? உடம்பக் காட்டலன்னா சாவு இல்ல. சட்டம்னா சட்டம். அவ திரும்பி வருவா. வரலன்னா என் பேர மாத்திக்கறேன். எப்படி வர்றான்னு நாலு பக்கம் எழுதி வெச்சிருக்கேன், அனுப்பவா?’ பிறகு ஒரு வரிசை சிரிக்கிற முகங்கள்.

பதில்: ‘நான் அவள் அம்மா.’

மகள்: ‘அம்மா! கதவுக்குத் தாழ் போடாதீங்க. சும்மா சாத்தி வையுங்க. அவ கண்டிப்பா வருவா.’

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

அம்மா இரண்டு தடவை படித்தாள். இரண்டாவது தடவையில்தான் புரிந்தது. “இது யார் எழுதினது?” என்று கேட்டாள், புரிந்த பிறகும்.

விரிப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அரைத்தூக்கத்தோட அம்மா. அவ போன்லேர்ந்து.”

“நீ அந்தக் கதைப் பொண்ணத்தான்னு…”

“கடைசி பாகத்துல காவல்காரி விடியக்காலைலதான் பனிக்குள்ள நடந்து போறா மா. திரும்பி வரல. அதோட புத்தகம் முடிஞ்சுது. இவ முடிச்சிட்டு எழுதறான்னு நெனச்சேன். அச்சுத் தமிழ்ல இருந்துது, புத்தகம் மாதிரி. இவ எனக்கு எழுதினா டி போடாம எழுத மாட்டா. டி இல்லன்னு கூட எனக்கு உறைக்கல.”

“நான் அவள் அம்மான்னு எழுதியிருக்காங்களேடி.”

“அவ அம்மாவா எழுதறது எங்க விளையாட்டு. காவல்காரியோட அம்மா. அவ ஒரு பாகத்துல ஆத்துல விழுந்துட்டப்போ எல்லாரும் செத்துட்டான்னாங்க. அம்மா மட்டும் கதவுக்குத் தாழ் போடாம வெச்சிருந்தாங்க. அவ வந்தா. அரைத்தூக்கம் அந்த அம்மாவா நெறைய எழுதுவா. நல்லா எழுதுவா. அதான் நான்…”

வெளியே ஓட்டிலிருந்து தண்ணீர் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது.

“அன்னிக்கு முழுக்க நான் சந்தோஷமா இருந்தேன் மா. அவ முடிச்சிட்டா, இனிமே பேசலாம்னு. மறுநாள்தான் கூட்டத்துல ஒருத்தி, அரைத்தூக்கம் செத்துட்டான்னு போட்டா.”

அம்மா உட்கார்ந்துகொண்டாள். “அந்தப் பொம்பள இதப் படிச்சிருக்காளா?”

“படிச்சாச்சுன்னு டிக் விழுந்திருக்கு.”

“கடவுளே. அப்புறம் நீ ஒண்ணும் எழுதலையா?”

“எழுதி எழுதி அழிச்சிட்டேன். எதை எழுதினாலும் கதை மாதிரியே இருக்கு.”

விரிப்பு அசைந்தது. பின்னால் அவள் அதில் முகத்தைப் புதைத்திருந்தாள். துணியில் முகத்தின் வடிவம் தெரிந்தது. அம்மா எழுந்து போய், துணியோடு சேர்த்தே அவளைப் பிடித்துக்கொண்டாள். விரிப்பு கயிற்றிலிருந்து நழுவி இருவர் மேலும் விழுந்தது. அதுவும் தண்ணீருக்குப் போக வேண்டியதுதான்.

“இது எழுதற விஷயம் இல்ல,” என்றாள் அம்மா கடைசியில். “நேர்ல போகணும். பெத்தவகிட்ட வருவா வருவான்னு சொல்லிட்டு அப்படியே விட முடியாது.”

“எனக்குப் பேச வராது மா.”

“தெரியும். நானும் வர்றேன்.”

“நீயே சொல்லிடறியா?”

“கூட வர்றேன்னுதான் சொன்னேன். எழுதினது நீ. வாயத் தொறந்து சொல்ல வேண்டியதும் நீ.”

மறுநாள் காலை லாட்ஜ் மேனேஜர் போன் செய்தார். விரிப்பு எங்கே, அறைகள் காலியாகக் கிடக்கின்றன, வெறும் மெத்தையில் ஆளைப் படுக்கவைக்க முடியுமா என்றார். குரல் இஸ்திரி மேசை வரைக்கும் கேட்டது.

“இன்னிக்கு ஆகாது சார்,” என்றாள் அம்மா. “ஒரு சாவு.”

“யாரு? உங்க வீட்லயா?”

அம்மா மகளைப் பார்த்தாள். வெளியே கிளம்பும் உடையில் மகள் கதவோரம் நின்றிருந்தாள்.

“எங்கக்கா பொண்ணு. சின்ன வயசு. போய்த்தான் ஆகணும்.”

மேனேஜரின் குரல் தாழ்ந்தது. போயிட்டு வாங்க என்றார். அம்மா போனை வைத்ததும் இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“உனக்கு ஏது அக்கா? உங்க வீட்ல நீதான மூத்தவ?”

“இன்னிக்குக் காலைலதான் பொறந்தா.”

இஸ்திரி அக்கா மகளையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். எவ்வளவு புரிந்ததோ. தன் டப்பாவைத் திறந்து ரொட்டியை ஒரு துணியில் சுற்றி மகளின் பையில் திணித்தாள். “பஸ்ல தின்னு. சாவு வீட்ல மயங்கி விழுந்தா அவங்களுக்குத்தான் சிரமம்,” என்றாள். பிறகு அப்பாவிடம் திரும்பினாள். “நீங்க இந்தப் பக்கம் வந்து முனையப் பிடிங்க. இன்னிக்கு நீங்கதான் மௌனச்சாமி.”

பஸ்ஸில் கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே ஈரக் குடைகளின் வாசனை. கண்ணாடியில் மூச்சு பட்டுப் பட்டு வெளியே எதுவும் தெரியவில்லை. மகளின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன.

“என்ன சொல்லப் போற?”

“மன்னிச்சிடுங்க. நான் வேற ஒருத்தியச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன்.”

“அவ்வளவுதானா?”

“அவ வரமாட்டா. அப்படின்னு சொல்லணும். சொல்லலன்னா நான் எழுதினது அப்படியே இருக்கும்.”

கொஞ்ச தூரம் போன பிறகு மகள் கேட்டாள். “அவங்கள என்னன்னு கூப்பிடறது? ஆன்ட்டின்னா நல்லாருக்காது.”

“பெரியம்மான்னு கூப்பிடு. அதான் எங்கக்கான்னு சொல்லிட்டேனே.”

“அப்ப அவ…”

“அப்ப அவ உனக்கு அக்கா.”

மகள் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அரைத்தூக்கத்தை இதுவரை எப்படியெல்லாம் கூப்பிட்டிருக்கிறாளோ, அக்கா என்று மட்டும் கூப்பிட்டதில்லை. அப்போதுதான் அழுதாள். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. அம்மா ரொட்டியை எடுத்துப் பிய்த்து அவள் கையில் வைத்தாள். அழுதுகொண்டே தின்றாள்.

கூட்டத்தில் செய்தி போட்டவளிடம் மகள் ராத்திரியே விலாசம் கேட்டு வாங்கியிருந்தாள். வீடு ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில். படிக்கட்டில் குடைத் தண்ணீர் வழிந்திருந்தது. கதவு சாத்தியிருந்தது. அம்மா தட்டியதும் தானாகத் திறந்துகொண்டது. தாழ் போடவில்லை. மகள் அதைப் பார்த்துவிட்டு ஒரு படி பின்வாங்கினாள். அம்மா அவள் முழங்கையைப் பிடித்தாள்.

உள்ளே எங்கு பார்த்தாலும் சட்டைகள். எல்லாம் ஒரே வெள்ளை, ஒரே அளவு. மூட்டையாக, அடுக்காக, நாற்காலி முதுகில். ஜன்னலோரம் தரையில் உட்கார்ந்து ஒரு பெண் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு. தலை வாரவில்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

“சட்டை எடுக்க வந்தீங்களா? இன்னும் முடியல. நாளைக்குத்தான்னு சொல்லியிருந்தேனே.”

“இல்லக்கா,” என்றாள் அம்மா. “உங்க பொண்ணு விஷயமா. என் பொண்ணு அவளோட…” சொல் கிடைக்காமல் மகளை முன்னால் தள்ளினாள்.

மகள் நின்றாள். பஸ்ஸில் சேர்த்து வைத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. அந்தப் பெண் ஊசியைப் பிடித்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் பூனைக்காலா?”

மகள் தலையாட்டினாள்.

“சின்னப் பொண்ணா இருக்கியே. எழுதறதப் பாத்து நான் பெரிய மனுஷின்னு நெனச்சேன். உக்காரு. ரெண்டு பேரும் உக்காருங்க. அந்தச் சட்டைங்களத் தள்ளிட்டு உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். பொத்தான் டப்பா நடுவில் இருந்தது.

“தப்பா நெனச்சுக்காதீங்க,” என்றாள் அந்தப் பெண் அம்மாவிடம். “சாவு வீட்ல தையல் தைக்கிறேன்னு. கம்பெனிக்காரன் போன வாரமே மூட்டைய எறக்கிட்டான். சட்டைக்குத் துக்கம் தெரியுமா? கை சும்மா இருந்தாலும் என்னால முடியல. அவர் வேலைக்குப் போயிட்டார். அவருக்கும் அதான்.”

“இதுல என்னக்கா தப்பு,” என்றாள் அம்மா. கேட்காமலே ஒரு சட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். குறி போட்ட இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். “நாலு துளைக்கும் குறுக்கா, இல்ல நேரா?”

“நேரா.”

ஊசி ஒன்றை எடுத்துக் கோத்து அம்மாவும் தைக்கத் தொடங்கினாள். நூல் துணிக்குள் போய் வரும் சத்தம் கேட்டது. மழை கண்ணாடியில் அடித்தது.

“பெரியம்மா,” என்றாள் மகள்.

அந்தப் பெண்ணின் கை நின்றது.

“நான்… மன்னிச்சிடுங்க பெரியம்மா. வேற ஒருத்தியச் சொல்றீங்கன்னு நெனச்சிட்டேன். புத்தகத்துல. நான் எழுதினது…” பக்கத்திலிருந்த சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். “அக்கா வரமாட்டா. நான் சொன்னது தப்பு. அவ வரமாட்டா.”

சொல்லிவிட்டாள். அறையிலிருந்த எல்லாச் சட்டைகளுக்கும் கேட்கிற மாதிரி அது பெரிதாக விழுந்தது.

அந்தப் பெண் தைத்துக்கொண்டிருந்த பொத்தானை முடித்தாள். நூலைச் சுற்றி, முடிச்சுப் போட்டு, பல்லால் கடித்து அறுத்தாள்.

“உடம்பக் காட்டினாங்களான்னு கேட்டிருந்தியே,” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நான் பாத்தேம்மா. நர்ஸ் நாங்க பாத்துக்கறோம்னாங்க. நான் விடல. நான்தான் துடைச்சு விட்டேன். அவளுக்குக் காதுக்குப் பின்னால கூச்சம். சின்னதுலேர்ந்தே அங்க தண்ணி பட்டா சிரிப்பா. அங்கயும் துடைச்சேன். அதுக்கப்புறம் சட்டை மாத்திவிட்டேன். எல்லாம் நான்தான்.”

அம்மாவின் கையில் ஊசி நின்றுவிட்டது.

“அப்புறம் உன்னோட எழுத்து வந்துது. எனக்குத் தெரியாதா? என் கையாலதான எல்லாம் பண்ணேன். ஆனா சட்டம்னா சட்டம்னு எழுதியிருந்தியா, அவ்வளவு தைரியமா யாரும் எனக்கு ஒண்ணும் சொல்லல. எல்லாரும் தேத்திக்கோ, தேத்திக்கோன்னாங்க. நீ ஒருத்திதான் வருவான்னே. அன்னிக்குக் கதவுக்குத் தாழ் போடல. அதுக்கப்புறமும் போடல. அவர் திட்டினார். உனக்கென்ன புத்தி பேதலிச்சிருச்சா, திருடன் வருவான்னார். வரட்டும், வெறும் சட்டையத்தான் எடுத்துக்கிட்டுப் போவான்னேன்.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்ததுபோல முகம் ஆனது, அவ்வளவுதான்.

“நீ வந்து இல்லன்னு சொல்லாம இருந்திருந்தா நான் இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருப்பேன்,” என்றாள். “பரவால்ல. நீயும் பாவம். எத்தன நாள் அத வயித்துல வெச்சுக்கிட்டு இருந்தியோ.”

மகளின் கண்ணிலிருந்து நீர் ஒரு வெள்ளைச் சட்டையின் மேல் விழுந்தது. அவசரமாகத் துடைக்கப் போனாள். “விடு, காஞ்சிடும்,” என்றாள் அந்தப் பெண். “உன் குரல் இப்படித்தானா? அவ கேட்டதே இல்லைன்னு சொல்வா. ஒருநாள் கூப்பிட்டுப் பேசேன்னு நானே சொல்லியிருக்கேன். வேணாம்மா, அவ பயந்துடுவா, நானும் பயந்துடுவேன்னா.”

அந்தப் பெண் ஊசியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி நூலைக் கோக்கப் பார்த்தாள். நூல் ஊசிக்காதைத் தாண்டித் தாண்டிப் போனது. இன்னொரு முறை. மகள் கையை நீட்டினாள். ஜன்னல் விளிம்பில் ஒரு துணித் திண்டு இருந்தது. அதில் வெறும் ஊசிகள் குத்தியிருந்தன. ஒன்றில் மட்டும் நூல் ஏற்கெனவே கோத்திருந்தது. நீளமான நூல், நுனியில் முடிச்சு. மகள் அதை எடுக்கப் போனாள்.

“அது வேணாம்.”

கை அப்படியே நின்றது.

“எனக்குக் கண்ணு போயிடுச்சு. அவதான் கோத்துக் குடுப்பா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடி திண்டு நெறையக் கோத்துக் குத்தி வெச்சிட்டுப் போனா, நான் வர்ற வரைக்கும் வெச்சுக்கோம்மான்னு. தெரியாம எல்லாத்தையும் தைச்சுத் தீத்துட்டேன். எந்தச் சட்டைல போச்சோ. இது ஒண்ணுதான் பாக்கி.”

மகள் அதைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த வெறும் ஊசியை எடுத்தாள். நூலை நனைத்துக் கூராக்கிக் கோத்து, முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பிறகு அடுத்ததை எடுத்தாள். அம்மா தலையைக் குனிந்து தைத்துக்கொண்டே இருந்தாள். அவள் மடியில் மூன்று சட்டை முடிந்திருந்தது. மத்தியான வெளிச்சம் மழையில் மங்கிவிட்டது. யாரும் விளக்குப் போடவில்லை.

“அந்தப் புத்தகத்துப் பொண்ணு,” என்றாள் அந்தப் பெண், தையலிலிருந்து கண் எடுக்காமல். “அவ கடைசி வரைக்கும் படிக்கல. இன்னும் கொஞ்சம்தான் இருக்கும்மான்னு சொன்னா. பாதிக் கண்ண மூடிக்கிட்டே படிச்சா. அந்தப் பொண்ணு வருவாளா, மாட்டாளா?”

மகளுக்கு அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கம் தெரியும். அதற்குப் பிறகு வெறும் தாள்தான். அவளிடம் தானே எழுதிய நாலு பக்கம் இருந்தது. அதை யாரும் படிக்கப்போவதில்லை. மழைக்கு வெளியே எங்கோ மலையில் ஒருத்தி நடந்து வருகிறாள் என்று போன வாரம் வரைக்கும் அவளால் பார்க்க முடிந்தது. இப்போது பார்த்தாள். பனி மட்டும்தான் இருந்தது.

“வருவா பெரியம்மா,” என்றாள்.

“நெசமா?”

“ம்.”

“அவளுக்கு அம்மா இருக்காளா கதையில?”

“இருக்காங்க.”

“அப்ப சரி,” என்றாள் அந்தப் பெண். “அந்த அம்மாவுக்காவது…”

அவள் ஊசிக்காகக் கையை நீட்டினாள். மகள் கோத்ததைக் கொடுத்தாள்.